கோரைக்குப் பிரசங்கம் கேக்காது, மாப்ள

லெந்துக் காலம் முடியறதுக்குள்ள வாலிபர் கூட்டத்துல பேசணும்னு, 'வசந்தகாலத் தோட்ட வேலையில் ஆவிக்குரிய பாடங்கள்'னு தலைப்பு போட்டு, ஏழு குறிப்பு எழுதி எங்கிட்ட நீட்டினியே மாப்ள, படிச்சேன். கண்ணாடி போடாமலே படிச்சேன், அவ்வளவு பெரிய எழுத்து. நெய்வேலி குவார்ட்டர்ஸ்ல முன்னால பத்தடி, பின்னால இருபதடி மண்ணை வச்சுக்கிட்டு ஏழு பாடம் எடுத்திருக்க. குள்ளஞ்சாவடியில மூணு காணி முந்திரிக் கொல்லை வச்சிருக்கிற எனக்கு அந்தக் கணக்குப்படி எத்தனை பாடம் வந்திருக்கணும்? இந்நேரம் பிஷப்பா ஆகி, கடலூர் ஆற்காடு லுத்தரன் திருச்சபை ஆபீஸ்ல ஃபேன் காத்துல உக்காந்திருப்பேன்.

ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. உன் தோட்டத்துல பாடம் ஏழும் தெளிவா இருக்கு. களையும் தெளிவா இருக்கு.

முதல் குறிப்புலயே கோரையைப் பிடுங்கி, 'பாவத்தையும் இப்படித்தான் வேரோடு'ன்னு எழுதியிருக்க. நீ பிடுங்கினது வேர் இல்ல மாப்ள, தழை. கோரையை இழுத்தா அடியில வெள்ளையா ஒரு குருத்து வரும், 'டக்'குனு ஒரு சத்தம் கேக்கும். நீ ஜெயிச்சுட்டேன்னு நிமிருவ. நாலு விரக்கடை கீழே, கறுப்பா, புளியங்கொட்டை பருமனுக்கு ஒரு கிழங்கு ஒண்ணும் நடக்காத மாதிரி உக்காந்திருக்கும். அதுலேர்ந்து கம்பி மாதிரி ஒரு வேர் போவும். அது முடியற எடத்துல இன்னொரு கிழங்கு. அதைத் தொடர்ந்து போனா இன்னொண்ணு. குந்தி உக்காந்து, களைக்கொத்தால மண்ணைக் கிளறி, ஒவ்வொண்ணாத் தடவி எடுத்து, கூடையில போட்டு வெயில்ல காய வைக்கணும். ஒரு முறம் அகலம் சுத்தம் பண்ணவே பொழுது உச்சிக்கு வந்துடும். அதுக்கப்புறம் பாவத்தைப் பத்திப் பேசறதுக்கு இடுப்பு ஒத்துக்காது. நீ தழையைப் பிடுங்கிப் பாடம் எடுத்துட்டு வந்த எடத்துல நாலாம் நாள் போய்ப் பாரு. முன்னைவிடச் செழிப்பா நிக்கும். கோரை பிரசங்கத்துக்கு நல்லா வளரும்.

இதைச் சொன்னா நீ உடனே மத்தேயு 13-ஐத் தூக்கிட்டு வருவேன்னு தெரியும். களையைப் பிடுங்கவேண்டாம், அறுப்பு வரைக்கும் ரெண்டும் சேந்தே வளரட்டும்னு எசமான் சொல்றார் இல்ல? படிச்ச சோம்பேறிக்கெல்லாம் அந்த வசனம் மனப்பாடமா இருக்கும். அந்தக் கதையில வர்ற களை, பாக்க அசல் கோதுமை மாதிரியே இருக்குமாம். கதிர் விட்டாத்தான் எது எதுன்னு தெரியும். அதுக்கு முன்னால கையை வச்சா பயிரும் சேந்து வந்துடும். அதான் பொறுக்கச் சொன்னார். உனக்குக் கோரையும் கத்திரிச்செடியும் ஒண்ணாவா தெரியுது? தெரியுதுன்னா சொல்லு, நெய்வேலியில நல்ல கண் டாக்டர் இருக்காரு.

அப்புறம் இந்த வசந்தகாலம். பனி உருகுது, பட்ட மரம் துளிர்க்குது, கல்லறை திறக்குதுன்னு ரெண்டாவது குறிப்புல உருகியிருக்க. குளிர் தேசத்துக்காரன் எழுதின புஸ்தகத்தை வாசிச்சியாக்கும். அவனைச் சொல்லிக் குத்தமில்ல, அவனுக்கு ஈஸ்டர் வர்றப்போதான் மண்ணு கண்ணுலயே படும். நமக்குப் பங்குனி, சித்திரை. செம்மண்ணு செருப்பைத் தாண்டிச் சுடும். ஆனா அந்த வெயில்லதான் வேம்பு பூக்குது, பலா பழுக்குது, முந்திரி விழுது. முந்திரி விழற நாள்ல கோயில்ல பெஞ்சு பாதி காலியாத்தான் கிடக்கும். ஞாயித்துக்கிழமைன்னு முந்திரி விழாம இருக்குமா?

முந்திரிக்காட்டு வேலைன்னா என்னான்னு தெரியுமா உனக்கு? தையிலயும் மாசியிலயும் மரத்தடியைச் சுத்தம் பண்ணணும். புல்லைச் செத்தி, செத்தையைக் கூட்டி, தரையை வீட்டு வாசல் மாதிரி ஆக்கணும். இல்லேன்னா விழுந்த கொட்டை சருகுக்குள்ள போயிடும், எலிக்கும் அணிலுக்கும்தான் அறுவடை. பொறுக்கினப்புறம் பழத்தைத் திருகிப் போட்டுட்டுக் கொட்டையை மட்டும் சாக்குல கட்டுவோம். நாம கீழே போடுற அந்தப் பழத்துல கோவாக்காரன் ஃபெனி காய்ச்சுறான். அதுல ஒரு பாடம் இருக்கு, ஆனா அதை வாலிபர் கூட்டத்துல சொல்லவேண்டாம்.

முந்திரி ஒண்ணும் நம்ம ஊரு மரம் இல்ல. பிரேசில் மரம். 16-ஆம் நூற்றாண்டுல போர்த்துகீசியன் கொண்டுவந்தது. அதே கப்பல்காரன்தான் பாதிரிமாரையும் கொண்டுவந்து இறக்கினான். நம்ம லுத்தரன்காரங்க 1706-ல தரங்கம்பாடியில டேனிஷ் கப்பல்ல வந்து இறங்கறப்போ முந்திரி இந்த நாட்டுல வேர் விட்டு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. மண்ணு ஒத்துக்கிட்டா எந்தத் தேசத்து விதையும் நம்ம ஊருதான். இதை நீ குறிப்புல சேத்துக்கலாம், காசு கேக்கமாட்டேன்.

சாம்பல் புதன் அன்னைக்கு உன் கத்தோலிக்கக் கூட்டாளி நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டு வந்ததைப் பத்தி அரைப்பக்கம் எழுதியிருக்க. நல்லாத்தான் இருக்கு. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பொம்பளைங்களைப் பாத்திருக்கியா? ஓட்டுக்குள்ள இருக்கிற எண்ணெய் பட்டா தோலு பொத்துப்போவும். அதுக்காகக் கையில சாம்பலைப் பூசிக்கிட்டு உக்காந்துதான் உடைப்பாங்க. அப்படியும் விரல் நுனி கறுத்துக் கிடக்கும். மனுசன் மண்ணுன்னு அவங்களுக்கு யாரும் நெத்தியில தொட்டுச் சொல்லவேண்டியதில்ல. அந்தச் சாம்பலுக்கு நாற்பது நாள் கணக்கும் கிடையாது.

நாலாவது குறிப்பு, கவாத்து. கனி கொடுக்கிற கொடியையும் இன்னும் அதிகம் கனி கொடுக்கட்டும்னு பிதா சுத்தம் பண்றார், யோவான் 15. சரி. ஆனா எந்த மாசம்னு அதுல போடல பாரு. முந்திரிக்குக் கவாத்து பொறுக்கி முடிச்சப்புறம், ஆனி, ஆடியில. நீ பாடம் எடுக்கிற அவசரத்துல பங்குனியிலேயே அரிவாளோட மாமரத்துல ஏறின. கீழே விழுந்த கிளையில பிஞ்சு கொத்துக் கொத்தா இருந்துது. உன் பொண்டாட்டி அதையெல்லாம் பொறுக்கி ஊறுகா போட்டுட்டா. அந்த வீட்டுல பாடம் கத்துக்கிட்டது அவ ஒருத்திதான்.

பவுல் அப்போஸ்தலரைத் தோட்டக்காரனா ஆக்காத, அதுவும் ஒரு புத்திமதி. அவரு கூடாரம் தைக்கிறவரு. ரோமர் 11-ல காட்டு ஒலிவக் கிளையைக் கொண்டுபோய் நல்ல ஒலிவ மரத்துல ஒட்டுறாரு. நம்ம விருத்தாசலம் ஆராய்ச்சிப் பண்ணையில போய் இப்படி ஒட்டுப்போடுறேன்னு சொல்லிப் பாரு, வாசல்லயே நிறுத்திடுவான். அடியில நாட்டுக் கன்னு, மேல வி.ஆர்.ஐ. 3 குருத்து. அதானே முறை? நல்லதை மேல வச்சாத்தானே நல்ல காய் வரும்? ஆனா பவுல் கெட்டிக்காரரு. இது இயற்கைக்கு விரோதமானதுன்னு அவரே அந்த அதிகாரத்துலேயே ஒத்துக்கிட்டாரு. தேவன் பண்றது தோட்டக்காரன் பண்ணாததுன்னு சொல்லத்தான் அவரு தலைகீழா ஒட்டினாரு. நீ அதை நேரா வச்சு, 'நாமும் இப்படி ஒட்டுப்போட வேண்டும்'னு எழுதியிருக்க. அந்தக் கன்னுல காய் வந்தா எனக்கும் ரெண்டு குடு.

நாபோத்தை ஏன் விட்டுட்ட மாப்ள? தோட்டத்தைப் பத்தி அதைவிட நல்ல கதை வேதத்துல வேற எங்க இருக்கு? ஆகாப் ராசாவுக்கு அரமனைக்குப் பக்கத்துல ஒரு கீரைத்தோட்டம் வேணும். அதுக்கு நாபோத்தோட திராட்சைத் தோட்டம் வேணும். பணம் தர்றேங்கறான், வேற நல்ல நிலம் தர்றேங்கறான். பாட்டன் சொத்து, குடுக்கமாட்டேங்கறான் நாபோத்து. நான் ஒண்ணும் சொல்லல. 1956-லேர்ந்து நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் குடுத்த ஊருங்க நம்மளைச் சுத்தி இருக்கு. 2023 ஜூலையில வளையமாதேவியில, பச்சையா நின்ன நெல்லுக்குள்ள சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட எந்திரம் இறங்கினதை நீயும் டிவியில பாத்த. அந்தப் பக்கத்துச் சபை எதுலயாவது நாபோத் கதையைச் சும்மா வாசிச்சுட்டு மட்டும் உக்காரு. விளக்கமே வேண்டாம். ஒருத்தனும் தூங்கமாட்டான். ஆனா சுரங்கத்துக் குவார்ட்டர்ஸ் வாலிபர் கூட்டத்துல வாசிக்கணும்னா கொஞ்சம் தைரியம் வேணும், அதான் நீ விட்டுட்டன்னு நெனைக்கிறேன்.

சரி, கடைசிக் குறிப்புக்கு வர்றேன். அதுலதான் எனக்குக் கோவம். 'தானே புயல் தேவன் கொடுத்த எச்சரிப்பு'ன்னு எழுதியிருக்க. அப்ப நீ பள்ளிக்கூடத்துல இருந்த. 2011 டிசம்பர் 30, விடியக்காலம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறிச்சு. பொழுது விடிஞ்சு போய்ப் பாத்தா, தாத்தன் வச்ச பலா வேரை மேல காட்டிக்கிட்டுக் கிடக்குது. முந்திரிக் கொல்லையில ஒரு பக்கத்துலேர்ந்து பாத்தா மறுபக்கம் தெரியுது. அப்படி அது என்னைக்கும் தெரிஞ்சதில்ல. கோயிலுக்குப் போறவன் கொல்லை, போகாதவன் கொல்லை, மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துறவன் கொல்லைன்னு காத்து பாத்துப் பாத்து வீசல. அந்த வாரமே ஒருத்தர் வந்து, ஊருல பாவம் பெருகிடுச்சுன்னு பேசினாரு. அவரு ஊருல புயல் இல்ல.

லூக்கா 13-ஐ எடு. சீலோவாமுல கோபுரம் இடிஞ்சு பதினெட்டுப் பேர் செத்தாங்க, அவங்க மத்தவங்களைவிடப் பாவிங்கன்னு நெனைக்கிறீங்களான்னு ஆண்டவரே கேக்கறாரு. அப்படியில்லைங்கறாரு. உங்களுக்கும் மனந்திரும்புற வேலை இருக்குன்னு சொல்றாரு, அது வேற. அதைச் சொல்லி முடிச்ச கையோட என்ன கதை சொல்றாரு பாரு. காய்க்காத அத்திமரக் கதை! கோபுரம் விழுந்ததைக் கேட்டுக்கிட்டிருந்தவனுக்கு எருக்குழியைக் காட்டறாரு. சொந்தக்காரன் மூணு வருஷமா வந்து பாக்குறான், காயே இல்ல, வெட்டிப் போடுங்கறான். அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நம்ம ஒட்டு முந்திரியே மூணாம் வருஷம் காய் காட்டிடும். தோட்டக்காரன் என்னா சொல்றான்? இந்த மரம் நமக்கு என்ன பாடம் சொல்லுதுன்னு யோசிப்போம்னா சொல்றான்? இந்த வருஷமும் இருக்கட்டும் சாமி, நான் சுத்திக் கொத்தி எரு போடறேங்கறான். அவ்வளவுதான். கோபுரத்தைப் பத்தியும் பேசல, மரத்தோட பாவத்தைப் பத்தியும் பேசல. ஒரு வருஷத் தவணை வாங்கிக்கிட்டு மண்வெட்டியைத் தேடிப் போயிட்டான்.

தானேக்கு அப்புறம் நாங்க பண்ணினது அதுதான். விழுந்ததை அறுத்து வித்தோம், நின்னதுக்கு மண்ணு அணைச்சோம், அடிக்கட்டையில துளிர் வந்ததைக் காப்பாத்தினோம், ஒட்டுக்கன்னு வாங்கி வச்சோம். வடலூர்ல வள்ளலார் 1867-ல மூட்டின அடுப்பு இன்னும் எரியுதுன்னு பெருமையாச் சொல்றோம் இல்ல? அன்னைக்குலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் யாரோ ஒருத்தன் விறகைத் தூக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கான், அதனால எரியுது. மகதலேனா மரியாள் உயிர்த்த ஆண்டவரைப் பாத்துத் தோட்டக்காரன்னு நெனைச்சாளே, அதுக்குப் போதகருங்க ஆயிரம் விளக்கம் சொல்லுவாங்க. எனக்குத் தோணுறது ஒண்ணுதான். அந்த இருட்டு பிரியாத நேரத்துல தோட்டத்துல நிக்கிறவன் வேற யாரா இருப்பான்? உன்னை எட்டரை மணிக்கு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோட, போன்ல கோரையைப் படம் எடுத்துக்கிட்டு நிக்கிறப்போ பாத்தா, ஒரு மரியாளும் ஏமாறமாட்டா.

அந்த அத்திமரம் அப்புறம் காய்ச்சுதா இல்லையான்னு லூக்கா எழுதல. நானும் எத்தனையோ போதகர்மாரைக் கேட்டுட்டேன். அவங்களும் எரு போட்டுப் பாத்தவங்க இல்ல.

உன் பின்வாசல் மாமரத்துக்கு ரெண்டடி தள்ளி வட்டமா வெட்டு. வேரை அறுத்துடாத. மழை விழறதுக்கு முன்னால போட்டாத்தான் நல்லது. எங்கிட்ட மக்கின ஆட்டெரு இருக்கு. கடையில விக்கிற பொட்டலம் மாதிரி மண்ணு கலந்தது இல்ல, கையில எடுத்து மோந்து பாத்தாலே தெரியும். கோணி நீ கொண்டு வரணும். சொந்தக்காரன்ங்கறதால கோணிக்குப் பத்து ரூவா குறைச்சுக்கறேன். வண்டி வாடகை உன்னுது. ஏழு பாடத்துக்கு ஏழு கோணின்னு எடுத்துக்கிட்டா, வாடகைல பாதி நான் போட்டுக்கறேன்.