பல்லாவரத்துப் பாறையும் ஸ்ரீபெரும்புதூர் இலையும்

கேள்வி: நிலவியலின் அரிச்சுவடி படிக்க இமயமலைக்குத்தான் போக வேண்டுமா? (வாசகர், படப்பை)

பதில்: சென்னையை ஒட்டிய பல்லாவரம் வரை பஸ் ஏறினால் போதும்! அங்குள்ள குன்றுகள் சார்னோகைட் பாறை. புதிதாக உடைத்த முகப்பு கருஞ்சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானது; வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல்லும் இதே வகைதான். அவர் நினைவாக 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இட்ட பெயரே உலகப் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. சென்னைக்குப் பெருமை!

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் டைனோசர் காலத்துப் படிவுப் பாறை. அந்தக் களிப்பாறையை ஏடு ஏடாகப் பிரித்தால், டைலோஃபில்லம் என்ற அழிந்துபோன தாவரத்தின் இலை, நரம்போடு பதிந்திருக்கும். முறையாகப் படிக்க, சென்னை மாநிலக் கல்லூரியில் நிலவியல் பட்டப்படிப்பு உண்டு.