ஆனை விற்ற நாட்டில் ஆனைமுகத்தார்

காடு என்று காட்ட அளவெட்டியில் ஒன்றுமில்லை. பனங்கூடல் உண்டு, தோட்டம் உண்டு, மாரியில் மட்டும் ஆறு என்று ஒப்புக்கொள்ளப்படும் வழுக்கையாறு உண்டு. காட்டுச் சீவன் என்று தேடினால் வேலிக்குள் நுழையும் கீரியும் கூரையில் குடும்பம் நடத்தும் மரநாயும்தான். இந்த மரநாய் பனையேறிக் கள்ளு முட்டிக்குள் தலையை விடும். ஆங்கிலேயர் அதைக் கண்டுதான் 'கள்ளுப் பூனை' என்று பெயர் வைத்தார்கள். முட்டியில் கள்ளுக் குறைந்த பழியை அதன் தலையில் போட்டுவிட்டு எத்தனை அப்புமார் தப்பினார்களோ, எந்த வரலாற்றாசிரியரும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் மிருக முகத்துக்கு எங்கள் பக்கம் பஞ்சமேயில்லை. கும்பழாவளை, பெருமாக்கடவை, அழகொல்லை என்று ஒரே ஊரில் மூன்று இடத்தில் ஆனைமுகத்தார் குடியிருக்கிறார். சைக்கிளை வடக்கே விட்டால் கீரிமலை. கீரி முகத்தோடு வந்த நகுல முனிவர் அங்கே முழுகி மனித முகம் பெற்றாராம். குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் அதே தீர்த்தத்தில் முழுகி அழகியானாராம். குதிரை முகம் விட்ட இடம் மாவிட்டபுரம் ஆயிற்று. ஒரே தண்ணீர், இரண்டு முகம். இன்றைக்கு எந்த அழகு நிலையமும் இவ்வளவு சுத்தமாக வேலை முடித்ததாகக் கேள்வியில்லை.

இது ஐதிகம். இனிச் சரித்திரம். அதில் ஆனைக்கு முகம் மட்டுமில்லை, விலையும் உண்டு.

இலங்கை ஆனையைப் படகிலேற்றிக் கலிங்க அரசனுக்கு விற்றார்கள் என்று உரோமாபுரி ஈலியன் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்திலேயே நாங்கள் ஏற்றுமதி செய்திருக்கிறோம். பிறகு பறங்கியர் வந்தார்கள். அவர்களுக்குப் பணிந்த யாழ்ப்பாண மன்னர்கள் கட்டிய திறையில் ஆனையும் இருந்தது. ஆனை நின்றதோ வன்னிக் காட்டில். தன் வளவில் இல்லாத பலாப்பழத்தைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்புகிற கெட்டித்தனம் எங்களுக்கு அரச பரம்பரையாகவே வந்தது.

வன்னியில் பிடித்த ஆனைகளை அடக்கி, நடத்தி, கடலேரியில் இறக்கி இந்தப் பக்கம் ஏற்றினார்கள். அந்த இடம்தான் ஆனையிறவு. மிச்ச நடை கப்பலேறும் துறை வரைக்கும். ஊர்காவற்றுறைக்கு வெள்ளைக்காரர் வழங்கிய 'கயிற்ஸ்' என்ற பெயரே துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்தது.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களுக்குச் சுவாமியும் வியாபாரம், ஆசாமியும் வியாபாரம். ஆனை மட்டும் தப்புமா? 1697இல் கொம்மாந்தர் ஸ்வார்டெக்ரூன் எழுதி வைத்துவிட்டுப் போன நிர்வாகக் குறிப்பிலும் ஆனை வியாபாரம் வருகிறது. கோல்கொண்டாவில் இருந்தெல்லாம் வியாபாரிகள் வந்தார்கள். ஆனைக்கு விலை உயரத்தில், முழக்கணக்கில். எங்கள் தரகர் அங்கே என்ன பேசியிருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை:

"சாயபு, வடிவாய்ப் பாருங்கோ. நல்ல இடத்து ஆனை."

"கொம்பைக் காணோமே?"

"எங்கட ஆனையளில முக்கால்வாசிக்கு மேல கொம்பில்லை, சாயபு. கொம்பையா கட்டப் போறியள்? குணத்தைப் பாருங்கோ. சாப்பாடுதான் கொஞ்சம் கூட."

பிற்காலத்தில் இதே ஆள் கலியாணத் தரகராகி, கொம்புக்குப் பதில் அரசாங்க உத்தியோகத்தைப் பற்றிப் பேசியிருப்பார்.

17ஆம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிய பிரெஞ்சு இரத்தின வியாபாரி தவர்னியே இன்னொரு செய்தி சொல்கிறார். இலங்கை ஆனையைக் கண்டால் மற்ற நாட்டு ஆனைகள் தும்பிக்கையை நிலத்தில் வைத்துத் தூக்கி மரியாதை செய்யுமாம். நம்புவது உங்கள் இஷ்டம். யாழ்ப்பாணத்தானின் தலைக்கனம் ஆனையிடமிருந்து தொற்றியதா, எங்களிடமிருந்து ஆனைக்குத் தொற்றியதா என்பதுதான் என் சந்தேகம்.

புலியைப் பற்றியும் கேட்பீர்கள். இலங்கைக் காடுகளில் இருப்பது சிறுத்தை, புலியில்லை. விலங்கியல் சொல்வது அவ்வளவே. நானும் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒல்லாந்தராவது ஆனையை உயிரோடு விற்றார்கள். ஆங்கிலேயர் பொழுதுபோக்குக்குச் சுட்டார்கள். மேஜர் றோஜர்ஸ் என்ற துரை ஆயிரத்துக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் அவர் மேல் இடி விழுந்தது. பிள்ளையார் கணக்குப் பார்க்கச் சற்றுத் தாமதிப்பார், அவ்வளவுதான்.

இன்று வன்னியில் மிஞ்சிய ஆனைகள் வயலுக்குள் இறங்கினால் வெடி கொளுத்தித் துரத்துகிறோம். கும்பழாவளையில் அதே முகத்துக்குத் தேங்காய் உடைத்து, மோதகம் வைத்து, தோப்புக்கரணமும் போடுகிறோம். ஆனை இறங்கிய கடலேரியில் இப்போது உப்பு விளைகிறது. ஆனையிறவு உப்பைக் கறிக்குப் போடும்போது, அந்த ஊருக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் கப்பலேறியவர்களை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.