ஸ்டெதஸ்கோப் மாட்டுமுன்

கேள்வி: மகள் எஸ்.பி.எம். முடித்துவிட்டாள். டாக்டராக வேண்டுமாம். எஸ்.டி.பி.எம்.மா, தனியார் கல்லூரி ஃபவுண்டேஷனா?
– ஒரு தாய், கிள்ளான்

பதில்: கல்லூரி விளம்பரத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஸ்டெதஸ்கோப்போடுதான் சிரிப்பார்கள் அம்மா, சான்றிதழ் எங்கெங்கே செல்லும் என்று பாருங்கள். எஸ்.டி.பி.எம்.முக்கான ஆறாம் படிவம் ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். பாடம் கடினம், செலவு சொற்பம். எஸ்.டி.பி.எம். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் செல்லும், வெளிநாட்டிலும் செல்லும். தனியார் ஃபவுண்டேஷன் ஓராண்டில் முடியும். ஆனால் பெரும்பாலும் அதை நடத்தும் பல்கலைக்கழகத்துக்கே வழிவிடும். பணம் கட்டுமுன் கேளுங்கள்: வேறு எந்த மருத்துவக் கல்லூரி இதை ஏற்கும்? அங்கே தரும் மருத்துவப் பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் அங்கீகரித்திருக்கிறதா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எந்த வழியில் போனாலும் அதன்பிறகு ஐந்தாண்டு மருத்துவப் படிப்பு, இரண்டாண்டு ஹவுஸ்மேன்ஷிப் இருக்கிறது. படிக்கப்போவது மகள், அவளைக் கலந்தே முடிவெடுங்கள்.