அம்மாவுக்கு எந்த மருத்துவமனை?

கேள்வி: அம்மாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். ஆபரேஷன் வேண்டுமாம். ஆளுக்கொரு மருத்துவமனையைச் சொல்கிறார்கள். எதை நம்புவது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: வரவேற்பறைப் பளிங்கு ஆபரேஷன் செய்யாது, பழகிய கைதான் செய்யும். அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள்: ‘இதே ஆபரேஷனை இங்கே வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?’ உணவுக்குழாய், கணையம் போன்ற கடினமான அறுவைகளில், அடிக்கடி செய்யும் இடங்களில் உயிரிழப்பு குறைவு என்பது பல நாடுகளில் கண்ட உண்மை.

அடுத்த கேள்வி: ‘ட்யூமர் போர்டு உண்டா?’ அறுவை, கீமோ, கதிர்வீச்சு நிபுணர்கள் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கும் கூட்டம் அது. உணவுக்குழாய்ப் புற்றில் பலருக்கு முதலில் கீமோ, கதிர்வீச்சு. அதன் பிறகுதான் கத்தி. வரிசை மாறினால் வாய்ப்பும் மாறும்.

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1941-ல் தொடங்கிய மும்பை டாடா மெமோரியல் போன்ற இடங்களுக்குப் புற்றுநோய்தான் முழுநேர வேலை. அங்கே கூட்டம் இருக்கும். காத்திருக்கும் நாட்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது துரோகமல்ல. ஸ்கேன் சிடி, பயாப்ஸி ஸ்லைடு, அந்தத் திசுவைப் பதித்த மெழுகு பிளாக் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி எடுத்துப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நீங்கள் போகும் மருத்துவமனையில் செல்லுமா என்று முன்பே விசாரியுங்கள்.

முடிவெடுக்கும்போது அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். உடம்பு அவருடையது, முதல் ஓட்டும் அவருடையதே.