மடக்குக்கத்தியின் விலையும் பயனும்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு தொடக்கநிலை ஆய்வு

மடக்குக்கத்தியைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு எதுவும் இதுவரை வரவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டால் எதை வேண்டுமானாலும் ஆராயலாம் என்பது நம் பல்கலைக்கழக மரபு. தேவைப்படாததால்தான் வராமல் இருந்ததோ என்று எந்த நெறியாளரும் ஐயுற்றதாகத் தெரியவில்லை. ஐயுற்றால் அவரிடம் யார் பதிவு செய்வார்கள்?

ஆய்வுச் சிக்கல் இது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பாய்சி நகரில் செபென்சா என்றொரு மடக்குக்கத்தி செய்கிறார்கள். டைட்டானியம் கைப்பிடி, உயர்வகை எஃகு அலகு. நம் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாயைத் தொடும், சுங்கம் தனி. நம் ஊர்த் திருவிழாக் கடையில் பீப்பிக்கும் பொரி உருண்டைக்கும் நடுவில் தொங்கும் மடக்குக்கத்தி நூறு ரூபாயைத் தாண்டாது. அதுவும் மடங்கும், இதுவும் மடங்கும். நடுவில் உள்ள முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் என்ன செய்கிறது?

ஆய்வுக்களம் ஏன் பெரம்பலூர் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். மடக்குவதிலும் விரிப்பதிலும் இந்த மண்ணுக்குள்ள பட்டறிவு வேறு மாவட்டங்களுக்குக் கிடையாது என்பதே விடை. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் வெளியே வந்தது. 2001 ஜனவரி 1 அன்று பெரம்பலூரிலிருந்து அரியலூர் விரிந்தது. 2002 மார்ச் 31 அன்று அது திரும்ப உள்ளே மடங்கியது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடி விரிந்தது. இந்த முறை பூட்டு விழுந்துவிட்டது போலிருக்கிறது, அப்படியே நிற்கிறது. இத்தனைக்கும் பலன் கண்டவர்கள் பெயர்ப்பலகை எழுதும் பெயிண்டர்கள் என்பது மூத்தோர் கருத்து (டீக்கடை, பெரம்பலூர், காலை அமர்வு).

முன்னோடிகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1884இல் சுவிட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் கார்ல் எல்செனர் பட்டறை போட்டார். 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். டப்பா உணவைத் திறக்க வேண்டும், புதிய துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டத் திருப்புளி வேண்டும். அதற்குத்தான் அந்தக் கத்தி. விக்டோரினாக்ஸ் என்ற பெயர் பின்னால் வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், 1890இல், பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் மரக்கைப்பிடி போட்ட எளிய கத்தி ஒன்றைக் குடியானவர்களுக்குச் செய்து கொடுத்தார். ஒன்று சிப்பாய்க்கு, ஒன்று சம்சாரிக்கு. வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பவன் என்றொரு உயிரினம் அன்று தோன்றியிருக்கவில்லை.

சங்ககாலத்தைத் தொடாத கட்டுரைக்குக் கருத்தரங்கில் இடம் கிடைக்காது. ஆகவே தொடுகிறேன். கொடுமணலில் பழங்கால உருக்குத் தொழிலின் தடயம் கிடைத்திருக்கிறது. தென்னாட்டு உருக்கின் சூட்சுமத்தை அறிய மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளியோடு சேர்ந்து, 1819ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலைமுன் வெந்தார். இன்று டமாஸ்கஸ் என்ற பெயரில், அலகில் அலையலையாக வரி ஓட, கொள்ளை விலைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை அந்தத் தென்னாட்டு உருக்கு அல்ல; இரண்டு வகை எஃகை அடுக்கிக் காய்ச்சி அடித்து, அமிலத்தில் தோய்த்து எடுத்த வரி. தொட்டாயிற்று. கொடுமணல் பெரம்பலூரில் இல்லையே என்பவர்கள் கருத்தரங்கக் கைப்பை வாங்காதவர்கள்.

இனி வகைப்பாடு. இம்மாவட்டங்களில் வெட்டப்படுபவை எவை?

பென்சில்: ஷார்ப்னர் வந்தது, முடிந்தது.

நகம்: வெட்டலாம், அம்மா பார்க்காதபோது.

இளநீர், நுங்கு: அரிவாளின் ஆட்சிப்பகுதி. மடக்குக்கத்தியோடு உள்ளே நுழைபவர் சிரிப்புக்கு ஆளாவார் (வாய்மொழித் தரவு: இளநீர் வெட்டுபவர், பாலக்கரை, வெட்டிக்கொண்டே சொன்னது, நிமிர்ந்து பார்க்கவில்லை).

மரம்: அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே உளியும் கொட்டாப்புளியும் சாமியையே செய்துவிடுகின்றன. அவற்றை மடக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சின்ன வெங்காயம்: பெரம்பலூரின் பெருமை. ஆய்வாளனுக்குப் பேரிடி. சாம்பாருக்கும் காரக்குழம்புக்கும் அதை உரித்து முழுசாகவே போடுகிறார்கள், உரிப்பதற்கு நகம் போதும். நறுக்கியே தீரவேண்டும் என்றால் அரிவாள்மனை இருக்கிறது. ஒரு மாவட்டத்தின் தலையாய விளைபொருளே ஆய்வுப் பொருளைப் புறக்கணிப்பது ஆய்வுலகில் புதிதல்ல. நெசவைப் பற்றிய ஆய்வேட்டைத் தறிக்காரர் படித்ததுண்டா?

பார்சல்: விலையுயர்ந்த மடக்குக்கத்தியின் மெய்யான வேலை இதுதான். ஆன்லைனில் வரும் அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழிப்பது. அந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் அடுத்த கத்தி இருக்கும்.

விலையின் பெரும்பகுதி எஃகின் கடினத்துக்கு என்கிறார்கள். அதைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான மாவட்டம் கிடைக்காது. நிலவியலாளர்கள் பையில் பேனாக்கத்தி வைத்திருப்பது பழம் தின்ன அல்ல. கல்லைக் கீறிப் பார்க்க. மோஸ் அளவுகோலில் ஜிப்சம் 2, கால்சைட் 3, சாதாரணக் கத்தி எஃகு ஐந்தரை, குவார்ட்ஸ் 7. காரை ஓடைகளில் ஜிப்சம் கிடக்கிறது. அரியலூரைச் சிமெண்ட் ஊராக்கிய சுண்ணாம்புக்கல்லில் முக்கால்வாசி கால்சைட். வரப்போரத்தில் வெங்கச்சாங்கல், அதாவது குவார்ட்ஸ், வேண்டிய மட்டும். கடல் வற்றிப்போன நிலம் ஆய்வுக்கூடத்தையே அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

முடிவுகள்: ஜிப்சத்தை நூறு ரூபாய்க் கத்தி கீறியது. நாற்பதாயிரம் ரூபாய்க் கத்தியும் கீறியது. என் கட்டைவிரல் நகமும் கீறியது. நகத்தின் விலை சுழி. சுண்ணாம்புக்கல்லை இரண்டு கத்தியும் கீறின, நகம் விலகிக்கொண்டது. வெங்கச்சாங்கல் முன்னால் இரண்டும் தோற்றன. மலிவுக் கத்தியின் முனையில் பல் விழுந்தது. விலையுயர்ந்த கத்தியின் முனையைச் சோதிக்க அதன் உரிமையாளர் அனுமதிக்கவில்லை. அந்தத் தோல்வி கருத்தளவில் கணக்கிடப்பட்டது. சாத்தனூரில் படுத்திருக்கும் பதினெட்டு மீட்டர் கல்மரத்திலும் கீறிப்பார்க்கும் திட்டம் இருந்தது. சுமார் பன்னிரண்டு கோடி ஆண்டு மூப்பு கொண்ட அதை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக வேலியிட்டுக் காக்கிறது. வேலிக்கு வெளியே நின்று கத்தியை விரித்து, மடித்து, திரும்பினேன்.

நேர்மைக்காக ஒன்று சொல்ல வேண்டும். மலிவுக் கத்திக்குப் பூட்டு கிடையாது. அழுத்தினால் விரல்மேலேயே மடங்கும். அதைத் தடுக்கக் கொடுக்கும் பணம் நியாயமான பணம். ஆனால் 1955இலேயே ஒப்பினெல் ஒரு சின்ன உலோக வளையத்தைத் திருப்பி அலகைப் பூட்டி வேலையை முடித்துவிட்டது. அந்தக் கத்தியை இன்றைக்கும் பெரிய செலவில்லாமல் வாங்கலாம். அதற்கு மேல் கொடுப்பது பூட்டு விழும்போது வரும் 'டக்' என்ற ஓசைக்கு. அந்த ஓசையைக் கேட்கவே மாலை முழுதும் திறந்து மூடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று சாணை. உயர்வகை எஃகில் வனேடியம் போன்றவை சேர்ந்து கெட்டித் துகளாக உட்கார்ந்திருப்பதால் கூர் லேசில் மழுங்காது. மழுங்கிவிட்டால் லேசில் ஏறவும் ஏறாது. வைரத்தூள் பதித்த கல் இருந்தால் நல்லது. சைக்கிளில் சாணைச் சக்கரம் கட்டி வருபவரிடம் கொடுத்தால் பொறி பறக்கும், அலகு சூடேறிப் பதம் போகும். மலிவுக் கத்தி சீக்கிரம் மழுங்கும். பீங்கான் கோப்பையின் அடியில் தேய்த்தால் திரும்பக் கூர்படும், டீ ஆறுவதற்குள்.

இனி ஆய்வின் இதயப்பகுதி. கத்தியின் மதிப்பை எஃகாலோ பூட்டாலோ அளக்க முடியாது, இரவலால்தான் அளக்க முடியும் என்பது இவ்வாய்வாளனின் துணிபு. நம் ஊரில் கத்தி வைத்திருப்பது தனிமனித விவகாரம் அல்ல. ஒருவர் சட்டைப்பையில் கத்தி இருப்பது தெரிந்த நொடியில் அது தெருவின் பொதுச்சொத்து ஆகிவிடுகிறது. "அண்ணே, கத்தி இருக்குதா?" என்ற குரல் வரும். வராமல் இருந்ததில்லை.

இரவலில் மூன்று படிநிலைகள் உண்டு. முதல்நிலை, நூறு ரூபாய்க் கத்தி. கேட்டவுடன் தூக்கி எறிவார்கள், எதற்கு என்று கேட்பதில்லை. உரமூட்டைச் சணல், சொட்டுநீர்க் குழாய், கொய்யா என ஒரு சுற்று போய் நாலு நாள் கழித்துத் திருகு தளர்ந்து வரும். வரவில்லையென்றால், "போனா போவுது, அடுத்த திருவிழாவுல பாத்துக்கலாம்" (டீக்கடை, பெரம்பலூர், மாலை அமர்வு). இரண்டாம் நிலை, சில ஆயிரத்துக்கு வாங்கிய சுவிஸ் கத்தி. கொடுப்பார்கள், ஆனால் கொடுத்தவர் கூடவே நடந்து போவார். வெட்டி முடியும்வரை வேறெங்கோ பார்ப்பதுபோல நிற்பார்.

மூன்றாம் நிலைதான் விரிவாகப் பேசத்தக்கது. தரவாளர் 'அ' என்று குறிப்போம். சிங்கப்பூரில் வேலை, விடுப்பில் வந்திருக்கிறார். கைப்பையில் கத்தி கொண்டுவர விமானத்தில் விடமாட்டார்கள் என்பதால் பெட்டிக்குள் புடவைக்கு நடுவே சுற்றித் திருச்சியில் இறக்கினார். வீட்டுத் திண்ணையில் பண்ருட்டிப் பலா ஒன்று அறுபடக் காத்திருந்தது.

"மாப்ளே, புதுக் கத்தி கொண்டாந்தியாமே. இப்படி எடு."

"எதுக்கு மாமா?"

"பலாச் சுளை எடுக்க."

தரவாளரின் முகம் வெளிறியதைப் பதிவு செய்துள்ளேன். பலாப்பிசின் சுழலச்சுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு உற்பத்தியாளரின் கையேட்டில் விடை இல்லை. ஐடஹோவில் பலா காய்ப்பதில்லை. சற்று யோசித்து அவர் சொன்னது இவ்வாய்வின் திருப்புமுனை: "நீங்க இருங்க மாமா, நானே அறுத்துத் தரேன்." அறுத்தார். அரிவாளால்.

இதிலிருந்து பெறப்படும் முதல் விதி: கத்தியின் விலை ஓர் எல்லையைத் தாண்டினால் உரிமையாளர் கூலியில்லாத வேலையாள் ஆகிறார். அன்று மாலைக்குள் தரவாளர் தெருவுக்கே பார்சல் பிரித்துக் கொடுத்தார், கம்பி சீவிக் கொடுத்தார். மறுநாள் இரண்டாம் விதி வெளிப்பட்டது: கத்தி இல்லை என்று சொல்லத் தொடங்கினார். நாற்பதாயிரம் ரூபாய்க் கத்தி இடுப்பில் இருக்க, முறுக்குப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிரித்தார் (நேரடி உற்றுநோக்கல்: அரியலூர் செல்லும் பேருந்து, ஓட்டுநருக்குப் பின் மூன்றாம் இருக்கை, சன்னலோரம்; ஆய்வாளன் நின்றுகொண்டு வந்தான்; உடன் சான்று, முறுக்கு கேட்டுக் கிடைக்காத குழந்தை ஒன்று, வயது காரணமாகக் கையொப்பம் பெறப்படவில்லை). வார இறுதியில் மூன்றாம் விதி. கோயில் வாசல் கடையில் நூறு ரூபாய்க்கு ஒரு மடக்குக்கத்தி வாங்கினார். எதற்கு என்றேன். "யூஸ் பண்ணத்தான்" என்றார்.

கணக்கைப் போடுவோம். தரவாளரின் மொத்தச் செலவு நாற்பதாயிரத்து நூறு. அதில் வேலை செய்வது அந்த நூறு. நாற்பதாயிரம் அந்த நூற்றுக்கு மேல்பார்வை பார்க்கிறது. இந்த விகிதம் வேறு சில நிறுவனங்களின் சம்பளப் பட்டியலை நினைவூட்டுவதாக அவையோர் கருதினால் ஆய்வாளன் பொறுப்பல்லன். நல்கை விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

சட்டப் பார்வையும் வேண்டும் என்று நெறியாளர் சொன்னார். படைக்கல விதிகள் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் ஆயுதக் கணக்கில் வைக்கின்றன; வீட்டுக்கும் வயலுக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு. கரும்பு வெட்டப் போகும் அரிவாள் தப்பித்தது. செபென்சாவின் அலகு நாலு அங்குலத்துக்குள் அடங்கிவிடுவதால் சட்டம் அதைக் கண்டுகொள்ளவில்லை. உரிமையாளருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

ஒப்பீட்டுக்காக வடக்கே போவோம். உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் ஒருகாலத்தில் மடக்குக்கத்தியின் தலைநகரம். இந்திப் படங்களில் வில்லன் விரித்துக் காட்டியதெல்லாம் ராம்பூரி. நாலரை அங்குலத்துக்கு மேல் அலகு கூடாது என்ற கட்டுப்பாடு வந்தபின் தொழில் படுத்தது. கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்கே பட்டறைகள் மிஞ்சின. 2023இல் அந்த நினைவைப் போற்றி ஊர் முனையில் சுமார் 20 அடி உயரத்தில் ஒரு கத்தியை நிறுத்தினார்கள். செலவு ஐம்பது லட்சத்துக்கும் மேல். உலகின் மிகப் பெரிய கத்தி என்கிறார்கள். நம் விதிகளின்படி அது முழுமை பெற்ற உயர்விலைக் கத்தி: எதையும் வெட்டுவதில்லை, மழுங்குவதில்லை, பலாப்பிசின் எட்டாது, சாணைக்காரருக்கு வேலையில்லை, படம் எடுக்க ஆள் வருகிறது. அதன் இரவல் நிலை மட்டும் இன்னும் ஆராயப்படவில்லை. பெரம்பலூரிலிருந்து யாராவது போய்க் கேட்டுப் பார்த்தால் தரவு முழுமை பெறும், பயணப்படிக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.