ஹோலோகிராம் ஒட்டிய ஏமாளி

1931-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன காந்தியின் புகைப்படம். அதன் மேல் அவர் கையெழுத்து, கீழே அதே ஆண்டின் தேதி. இணையத்தில் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு எதையும் வாங்கக் கூடாது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

அத்தை வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காசோலையையும் மாதிரிக் கையெழுத்துள்ள ஸ்பெசிமன் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே காலம் தள்ளியவர். படத்தைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவினார். “மேடு தட்டுது. பால் பாயிண்ட் பேனா. அந்தக் காலத்துல இது ஏதுடா?”

தேடிப் பார்த்தேன். நியூயார்க் கடையில் பால் பாயிண்ட் பேனா விற்பனைக்கு வந்ததே 1945 அக்டோபரில்தான். காந்தி கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கி ஹரிஜன நிதியில் சேர்த்தவர். நான் கொடுத்த தொகை எந்த நிதியில் சேர்ந்தது என்று தெரியவில்லை. எவ்வளவு என்று வீட்டிலும் சொல்லவில்லை, இங்கும் சொல்லப் போவதில்லை.

இனிமேல் சான்றிதழ் இல்லாமல் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். அடுத்து வந்தது 1983 உலகக் கோப்பை அணியின் கையெழுத்துகள் உள்ள குட்டி மட்டை. கூடவே தங்க எழுத்தில் ‘அசல் என உறுதியளிக்கிறோம்’ என்று தடித்த அட்டை, மினுங்கும் ஹோலோகிராம். எங்கள் ஊர் ஸ்ரீகாந்தின் பெயரும் இருந்ததால் வேறெதையும் யோசிக்கவில்லை. உறுதியளித்தவர் யார் என்று பிறகுதான் பார்த்தேன்: மட்டையை விற்றவரே. தன் தயிர் புளிக்காது என்று தயிர்க்காரர் எழுதிக் கொடுத்ததைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

அத்தை மட்டையை வெளிச்சத்தில் சாய்த்தார். “பதினாலு பேரும் ஒரே பேனாவுல, ஒரே அழுத்தத்துலயா போட்டாங்க?” நகைக்கடை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒரே தடிமன். ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில்கூட மை கருக்கவில்லை. அச்சு.

அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. 1990-களின் கடைசியில் பிடித்த ஒரு போலிக் கும்பலின் சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகூட இருந்ததாம். படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். வரவேற்பறைச் சுவரில் இருந்த காந்தி சிரிக்கவில்லை.

அசல் ஆளிடமே வாங்கினாலும் நிம்மதி கிடையாது என்பது பாப் டிலன் ரசிகர்களுக்குத் தெரியும். 2022-ல் அவர் கைப்படக் கையெழுத்திட்டது என்று ஒரு புத்தகத்தின் 900 பிரதிகளை, ஒன்று கிட்டத்தட்ட 600 டாலர் என்று விற்றார்கள். அசல் என்று பதிப்பகத் தலைவரின் கடிதமும் உள்ளே இருந்தது. வாங்கியவர்கள் படம் எடுத்து ஒப்பிட்டால், வெவ்வேறு பிரதியில் இழைகூட மாறாத ஒரே கையெழுத்து. பேனா பிடித்தது ஆட்டோபென் இயந்திரம். பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, டிலன் மன்னிப்புக் கேட்டார். அத்தையிடம் சொன்னேன். “ரெண்டு கையெழுத்து அச்சா ஒத்துப் போச்சுன்னா ஒண்ணாவது கள்ளம்தான். எங்க பிராஞ்ச்ல பியூனுக்கே தெரியும்.”

அந்தப் பாடத்தையாவது ஒழுங்காகக் கற்றேனா? பிராட்மன் முதுமையில் போட்ட கையெழுத்து ஒன்று நியாயமான விலைக்கு வந்தது. நான் வைத்திருந்த மாதிரி அவர் ஆடிய காலத்தது. எழுத்து ஒத்துப் போகவில்லை. ‘போலி’ என்று நிபுணன் தோரணையில் விற்றவருக்கே பதில் எழுதினேன். வயதானால் கை மாறும் என்பது என் சொந்தக் காசோலை ஒருமுறை திரும்பி வந்தபோதாவது உறைத்திருக்க வேண்டும். அந்த பிராட்மன் கையெழுத்தைப் பிறகு ஓர் ஏல நிறுவனம் பரிசோதித்து விற்றது.

என்னிடம் உள்ளதில் சந்தேகமே இல்லாதது ஒன்றுதான். பள்ளி நாளில் சேப்பாக்கம் வாசலில், என் கணக்கு நோட்டில், என் கண் முன்னால் ஒரு சுழற்பந்து வீச்சாளர் போட்டுக் கொடுத்தது. விற்கப் போட்டால், “ஆதாரம் இருக்கா சார்?” என்று கேட்டார்கள். போட்டோ இல்லை, சாட்சி இல்லை. பக்கத்தில் நான் தப்பாகப் போட்ட வகுத்தல் கணக்கு மட்டும் இருக்கிறது.

அன்றிரவு செய்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மட்டையிலிருந்த ஹோலோகிராமை உரித்து நோட்டில் ஒட்டினால் என்ன என்று தோன்றியது. உரித்தேன். உண்மையான ஹோலோகிராம் உரித்தால் கிழிந்துபோகும்படி செய்திருப்பார்கள். இது முழுசாக, அழகாகக் கையோடு வந்தது. கையெழுத்து போலி, சான்றிதழ் போலி, ஸ்டிக்கரும் போலி. அதையும் ஒட்டப் பார்த்த நான் எந்த வகை என்பதை அத்தையிடம் கேட்கவில்லை.

நோட்டை விற்பதாக இல்லை. மட்டையை ‘அச்சுக் கையெழுத்து’ என்று கொட்டை எழுத்தில் குறிப்பிட்டு விளம்பரம் கொடுத்திருக்கிறேன். குழந்தைகள் விளையாட வேண்டுமென்றால் அஞ்சல் செலவு மட்டும் அனுப்புங்கள். தயவுசெய்து சான்றிதழ் கேட்காதீர்கள்.