மூடிய சீட்டு இரண்டு

சீட்டாடுகிறவன் உருப்பட மாட்டான் என்பது எங்கள் வீட்டில் சட்டம். எண்பதுகளில் கல்லூரி விடுதியில் சீட்டுக்கட்டோடு பிடிபட்டால் அப்பாவுக்குக் கடிதம் போகும். அப்படிப் பயந்து பயந்து மொட்டை மாடியில் கற்றுக்கொண்ட போக்கர்தான் எனக்கு இன்றுவரை சோறு போடுகிறது. ஆலை நிர்வாகங்களுக்காகத் தொழிற்சங்கங்களோடு ஊதியமும் போனஸும் பேசி முடிப்பது என் தொழில்.

ரம்மியில் கண் பெரும்பாலும் நம் கையிலுள்ள பதின்மூன்று சீட்டிலேயே இருக்கும். போக்கரில் ஆளுக்கு மூடிய சீட்டு இரண்டுதான். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து கிடக்கும். நம் சீட்டை ஒருமுறை பார்த்தால் போதும், மீதி நேரமெல்லாம் எதிராளியைத்தான் பார்க்க வேண்டும். போனஸ் பேச்சும் இப்படித்தான். குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 என்று சட்டம் எல்லை கட்டிவிட்டது. வரவுசெலவுக் கணக்கும், போன வருடம் கொடுத்ததும் ஊரறிந்தவை. நிர்வாகத்தின் மூடிய சீட்டு, சரக்கு கப்பலேற வேண்டிய தேதி. சங்கத்தின் மூடிய சீட்டு, பெரும்பாலும் போட்டிச் சங்கம்.

புதிதாக வருகிறவர்கள் முகத்தையே உற்றுப் பார்க்கிறார்கள். பொய்யையும் மெய்யையும் பிரித்தறிவதில் மனிதர்கள் சராசரியாக 54 சதவீதம்தான் சரியாக இருக்கிறார்கள் என்கிறது 2006-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே ஐம்பது கிடைக்கும்! 2013-இல் வந்த இன்னோர் ஆய்வில், போக்கர் வீரர்கள் பந்தயக் காசை நகர்த்தும் காணொளிகளைக் காட்டியிருக்கிறார்கள். யாரிடம் நல்ல சீட்டு என்பதை முகம் பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. கையசைவை மட்டும் பார்த்தவர்கள் ஓரளவு சொல்லிவிட்டார்கள்.

இதை நான் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். சங்கத் தலைவர் இருபது சதவீதத்துக்குக் குறைந்தால் வாசலில் பந்தல் போடுவோம் என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பொருளாளர், வாயே திறக்காதவர். சதவீதம் பேசும்போதெல்லாம் அவர் கை சும்மா இருந்தது. பட்டுவாடா, தவணை என்ற பேச்சு வந்தால் மட்டும் சட்டைப் பையிலிருந்த சின்ன நாட்காட்டிக்குப் போனது. தேநீருக்கு எழுந்தபோது அவரை வராந்தாவில் பிடித்தேன்.

“அண்ணே, எந்தத் தேதிக்குள்ள வேணும்?”

“தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாடி, ஒரே தவணையா வந்திரணுங்க. சனங்க துணி எடுக்கறதுக்கு வட்டிக்கு வாங்கிட்டு நிக்கறாங்க. சதவீதம் ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருந்தா, தலைவர்கிட்ட நான் பேசிக்கறனுங்க.”

அன்று மாலையே கையெழுத்தானது. நிர்வாகம் இரண்டு தவணையாகக் கொடுக்கத்தான் நினைத்திருந்தது. அதை மாற்ற வைத்ததுதான் அன்று எனக்குப் பெரிய வேலை.

விடுதி மாடியில் வெறும் ஜோடியை வைத்துக்கொண்டு பெரிய சீட்டு இருப்பதுபோல் மிரட்டலாம். தோற்றவன் எழுந்து போய்விடுவான். ஆலையில் அடுத்த வருடமும் அதே ஆட்கள் அதே நாற்காலியில் வந்து உட்காருவார்கள். அதனால் கணக்கில் நான் பொய் சொல்வதில்லை, சொல்லச் சொல்லும் நிர்வாகத்துக்குப் போவதும் இல்லை.

ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரு காலத்தில் அப்பாவுக்குக் கடிதம் போன ஆட்டத்துக்கு இப்படியொரு மரியாதை. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தபோது நான் மனதார வரவேற்றேன். கைப்பேசித் திரையில் எதிராளியின் கை தெரியாது, அவன் வீட்டு நிலைமை தெரியாது, சம்பளம் போவது மட்டும்தான் தெரியும். என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பந்தயக் காசாகப் புளியங்கொட்டைதான் கொடுக்கிறேன். சொந்தச் சீட்டைப் பார்க்காமலே ஆடச் சொல்கிறேன்.